வெளிமாநில ஆட்கள் ஏன் நிற்பதில்லை: ஒரு படகுப் பட்டறைக்காரரின் கேள்விக்குப் பதில்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. உள்ளூரில் லேமினேஷன் (கண்ணாடி நார் விரிப்பான மேட்டை ரெசின் என்னும் பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டும் வேலை) தெரிந்த பையன்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்டார்கள். ஏஜென்ட் ஒருவர் மூலம் ஒடிசாவிலிருந்து ஆறு பேரை மார்ச்சில் வரவழைத்தார். ஆளுக்குப் பத்தாயிரம் முன்பணமும், பிறகு சம்பளமும் ஏஜென்ட் கையிலேயே கொடுத்தார். ஜூன் முதல் வாரம், மீன்பிடித் தடைக்காலப் படகு மராமத்து உச்சத்தில் இருக்கும்போது, நான்கு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டார்கள். நல்ல ஆட்கள் எங்கே கிடைப்பார்கள், அடுத்த முறை ஆதார் கார்டை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் தப்பா என்று கேட்கிறார்.

கேட்டிருப்பது இரண்டு கேள்வி என்றாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: தொழில் தெரிந்த ஆள் வந்தபின் ஏன் நிற்கவில்லை? ஆள் வருவது இன்றைக்குப் பெரிய காரியமில்லை. நிற்பதுதான் காரியம். இந்தக் கடற்கரையில் ஐஸ் பிளான்ட், இறால் பண்ணை, மீன் கம்பெனி, படகுப் பட்டறை என்று பல இடங்களுக்குப் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு), தொழிலாளர் பதிவேடு வேலைகளைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன். சட்டம் சொல்வதைச் சட்டம் என்றே சொல்கிறேன். மற்றவை நான் பார்த்ததிலிருந்து வந்த கருத்து; அதை உங்கள் பட்டறைக்குப் பொருத்திப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆதார் விஷயம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை என்பதால். வாங்கிப் பூட்டாதீர்கள். சரிபார்த்து நகல் எடுக்க ஐந்து நிமிடம் போதும். அசல் அவர் பையிலேயே இருக்கட்டும். முன்பணம் கழியும்வரை போகக் கூடாது என்று ஆளைப் பிடித்து வைப்பது 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டத்தில் போய் நிற்கும். மூன்று ஆண்டு வரை சிறை. கதவைப் பூட்டினால்தான் கொத்தடிமை என்று பலர் நினைக்கிறார்கள். கடனைக் காட்டி நடமாட்டத்தையோ வேறு வேலைக்குப் போகும் உரிமையையோ தடுத்தாலே போதும். இன்னொன்றும் உண்டு. புதுப் படகைத் தண்ணீரில் இறக்கி ஓட்டிப் பார்க்கும்போது அந்த ஆளும் கூட ஏறினால், மரைன் போலீஸ் ரோந்தில் முதலில் கேட்பது அடையாள அட்டையைத்தான். இலங்கைக் கடல் எல்லை இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊரில் வெளிமாநில ஆளைக் கையில் அட்டை இல்லாமல் படகில் ஏற்றுவது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.

இந்தக் கரையில் வாழும் நாம் முன்பணத்தின் கதையை மறக்கவே கூடாது. மண்டபம் முகாம் ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் மக்களைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்தி வைத்து அனுப்பிய இடம். இலங்கை அரசே நடத்தியது. கங்காணி கொடுத்த முன்பணம் ஒரு துண்டுச் சீட்டில் ஏறும். அந்தத் துண்டில் உள்ள கடனை அடைக்கிற தோட்டத்துக்குத்தான் ஆள் மாற முடியும். 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். நூறு வருடம் கழித்தும் வளைகுடாவில் கஃபீல் (விசா கொடுத்து எடுத்த முதலாளி) பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு பையனை ஊருக்கு விடமாட்டேன் என்கிறான் என்று இந்த மாவட்டத்தில் எத்தனை தாய்மார் அழுதிருக்கிறார்கள். அந்த அழுகை தெரிந்த ஊரில் ஒரு ஒடிசாக்காரப் பிள்ளையின் அட்டையை மேசை டிராயரில் போட்டுப் பூட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, ஏன் போனார்கள்? இது ஊகம்தான், ஆனால் தேதியைப் பார்த்ததும் தோன்றியது. ஒடிசாவில் ஜூன் நடுவில் மூன்று நாள் ரஜோ பண்டிகை. கடற்கரை மாவட்டங்களில் அதை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மழை தொடங்கி நிலத்தில் வேலை ஆரம்பிக்கும் காலமும் அதுதான். நமக்கோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். கரையேற்றிய படகு முழுவதும் பலகை மாற்றி, ஃபைபர் கோட்டிங் போட்டு, பெயின்ட் அடித்து, தடை முடிந்த அன்றே கடலுக்குப் போயாக வேண்டும். அவர் வீட்டில் ‘வந்துவிடு’ என்று கூப்பிடும் வாரமும், உங்கள் வாசலில் போட்காரர்கள் நின்று கத்தும் வாரமும் ஒன்றாக விழுந்துவிட்டன. கேட்டால் விடமாட்டீர்கள் என்று தெரிந்து கேட்காமல் போயிருப்பார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. சேர்க்கும்போதே அவர் ஊர்ப் பண்டிகை எது, விதைப்பு அறுப்பு எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பீகார்காரருக்குத் தீபாவளி முடிந்து ஆறாம் நாள் வரும் சட் பூஜையும் ஹோலியும். வங்காளத்தவருக்குத் துர்கா பூஜை, முஸ்லிம் என்றால் பெருநாள். ஆறு பேரும் ஒரே ஊர், ஒரே பண்டிகை என்றால் உங்கள் பட்டறை ஒரே நாளில் காலியாகும். மூன்று பேர் ஒடிசா, மூன்று பேர் வங்காளம் அல்லது ஆந்திரா என்று கலந்து எடுத்தால் அந்தத் தலைவலி பாதி குறையும். ஜூனில் பாதிப் பேர் போகட்டும், மீதிப் பேர் படகுகள் இறங்கியதும் ஜூலையில் போகட்டும் என்று பிப்ரவரியிலேயே பேசி முடித்து, டிக்கெட்டையும் நீங்களே எடுத்துக் கொடுங்கள். ராமேஸ்வரம் – புவனேஸ்வர் ரயில் வாரம் ஒருமுறைதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்கிற ஆள் திரும்பி வருகிறார். இதை நான் பல இடங்களில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது காரணம் சம்பளம் போன வழி. ‘மொத்தத்தையும் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் அந்த ஆறு பேருக்கும் எவ்வளவு கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் தந்த முன்பணம் முழுதாக அவர்கள் கைக்குப் போனதா என்பதும் தெரியாது. ஒவ்வொருவர் வங்கிக் கணக்கிலும் நேரடியாகப் போடுங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள், வேலையை விட்டுப் போகிறவருக்குக் கணக்கு இரண்டு வேலை நாளுக்குள் என்பது சட்டம். கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். படகுக்கு இவ்வளவு என்று பேசி வேலை கொடுத்தாலும், எந்தப் படகு, எத்தனை லேயர், யார் யார் செய்தது என்று ஒரு நோட்டில் எழுதி அவர்களுக்கும் அதைக் காட்டுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் தர வேண்டுமென்றால் உங்கள் கையிலிருந்து தனியாகக் கொடுங்கள். அவர் தொழிலாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏஜென்ட் இல்லாமல் ஆள் தேடுவதே நல்லது. இன்னும் போகாமல் இருக்கும் இரண்டு பேர்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய வாய்ப்பு. அவர்களை நன்றாக வைத்துக்கொண்டு, உங்கள் ஊரில் வேலை தெரிந்த இன்னும் இரண்டு பேரைக் கூப்பிடு, ரயில் செலவு என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். தெரிந்த ஆள் கூப்பிட்டு வருகிறவர் நிற்பார். ஓடினால் கூப்பிட்டவருக்கும் அவமானம் அல்லவா. படகு வேலையே தெரிந்திருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். தண்ணீர்த் தொட்டி, பஸ் பாடி, கேபின் செய்யும் ஃபைபர் கம்பெனிகளில் வேலை செய்தவர்கள் ஒரு சீசனில் படகுக்குப் பழகிவிடுவார்கள். படகுக் கை வேண்டுமென்றால் காக்கிநாடா, விசாகப்பட்டினம் பக்கமும், வங்காளத்தில் காக்தீப், நாம்கானா பக்கமும் விசாரியுங்கள். படகுத் தொழில் உள்ள ஊர்கள்.

சான்றிதழைவிடக் கையைப் பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்த வெல்டர், ஃபிட்டர் என்றால் சான்றிதழ் உதவும். லேமினேஷனுக்குப் பெரும்பாலும் சான்றிதழே இருக்காது. நான் தெரிந்த பட்டறைகளுக்குச் சொல்வது: இரண்டடிக்கு இரண்டடி ஒரு பலகையில் மூன்று லேயர் மேட் போடச் சொல்லுங்கள். ரோலரை எந்தப் பக்கம் தள்ளிக் காற்றுக் குமிழை வெளியேற்றுகிறார் என்று பாருங்கள். மறுநாள் காய்ந்ததும் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் சத்தம் பொத்தென்று மாறும். அதோடு ஒரு கேள்வி: காலை ஆறு மணிக்கு ரெசின் கலக்கும்போது கேட்டலிஸ்ட் (ரெசினைக் கெட்டியாக்கச் சேர்ப்பது) எவ்வளவு, ஏப்ரல் மாதம் பகல் பதினொரு மணிக்கு எவ்வளவு? இரண்டுக்கும் ஒரே அளவு சொன்னால் அவருக்கு நம் வெயில் இன்னும் தெரியாது என்று அர்த்தம். கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் என்பது பொதுக் கணக்கு; வெயில் ஏற ஏறக் குறைப்பார்கள். வெயிலில் அதே அளவு போட்டால் மேட்டில் பூசுவதற்குள் டப்பாவிலேயே கெட்டியாகிவிடும். இந்தச் சோதனைக்குப் போகும் அரை நாளுக்கும் சம்பளம் கொடுத்துவிடுங்கள்.

இங்கே பாதுகாப்பு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் (கெட்டியாவதை வேகப்படுத்துவது) கேட்டலிஸ்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஆக்சிலரேட்டரை ரெசினில் முழுக்கக் கலந்த பிறகுதான் கேட்டலிஸ்ட். உங்களுக்கும் எனக்கும் இது பழகிப்போனது. ஆனால் தமிழில் மட்டும் எழுதிய டப்பா முன்னால் மொழி தெரியாத புது ஆளை நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். டப்பாக்களுக்கு வேறு வேறு நிறம் அடித்து, தனித்தனி அலமாரியில் வைத்து, அவர் மொழியிலும் எழுதி ஒட்டுங்கள். முதல் நாள் நீங்களே செய்து காட்டி, அவரை உங்கள் முன்னால் செய்யச் சொல்லிப் பாருங்கள். தலையாட்டியதைப் புரிந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ரெசின் நெடிக்குச் சாதாரணத் துணி மாஸ்க் உதவாது. கார்பன் ஃபில்டர் வைத்த மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

மொழிக்கு நம் மாவட்டத்தில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. துபாய், சவுதி, கத்தார் போய் வந்த நம் ஆட்களில் பெரும்பாலோர் ஹிந்தி பேசுவார்கள். அங்கே கேம்பில் பீகாரியோடும் பாகிஸ்தானியோடும் ஒரே அறையில் இருந்து கற்றுக்கொண்டது. உங்கள் தெருவிலேயே நாற்பத்தைந்து ஐம்பது வயதில் திரும்பி வந்து சும்மா இருக்கிற ஒருவர் இருப்பார். அவரை மேஸ்திரியாகப் போடுங்கள். அந்நிய ஊரில் வேலை செய்வது என்றால் என்ன, முதல் மாதம் பணம் அனுப்பாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஒடிசாக்காரர் எல்லாருக்கும் ஹிந்தி சரளம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆறில் ஒருவருக்குத் தெரிந்தால்கூட அவர் மற்றவர்களுக்குச் சொல்லிவிடுவார். இப்படி ஒரு மேஸ்திரி இருக்கிற இடங்களில் ஆட்கள் ஓடுவது குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். கணக்கெடுத்துச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

சாப்பாடு சின்ன விஷயம் என்று ஒதுக்காதீர்கள். ஒரு பட்டறையில் மதியம் வாளி நிறையச் சாம்பார் வந்தது. வந்த பையன்கள் சோற்றை மட்டும் வாங்கி, பச்சை மிளகாய், வெங்காயம், உப்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்கள். ‘இவனுகளுக்கு எதுவும் பிடிக்காது’ என்றார் முதலாளி. புளிதான் அவர்களுக்கு ஆகவில்லை. அதே பையன்கள் மறுநாள் காலை தண்ணீர் ஊற்றிய பழைய சோற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்து உட்கார்ந்தார்கள். ஒடிசாவில் அது ‘பக்கால’. சுட்ட உருளைக்கிழங்கும் கருவாடும் தொட்டுக்கொள்வார்கள். கருவாட்டுக்கு நம் கரையில் பஞ்சமா? சமைத்துப் போடுவதைவிட அவர்களே சமைக்க வசதி செய்து கொடுப்பது நல்லது. முகவரிச் சான்று இல்லாமல் அடையாள அட்டையை மட்டும் காட்டி 5 கிலோ சிறிய சிலிண்டர் வாங்கலாம். அடுப்பு, கடுகெண்ணெய், உருளைக்கிழங்கு, பருப்பு இருந்தால் போதும். மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

தண்ணீர்தான் இங்கே உண்மையான கஷ்டம். நாமே குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். உப்புத் தண்ணீரில் குளித்துப் பழக்கமில்லாத உடம்பில், ஃபைபர் தூசியும் சேர்ந்தால் ஒரே வாரத்தில் அரிப்பு தாங்காது. குடிக்க மட்டுமில்லாமல், வேலை முடிந்து குளிக்கவும் ஆளுக்கு இவ்வளவு நல்ல தண்ணீர் என்று ஒதுக்குங்கள். தங்க வைக்கும் இடம் ரெசின் கிடங்குக்குப் பக்கத்தில் இருக்கவே கூடாது. நெடி ஒரு பக்கம், தீப்பிடிக்கும் பயம் ஒரு பக்கம். கழிப்பறை, ஃபேன், செல்போன் சார்ஜ் போட ஆளுக்கொரு பிளக், பூட்டுப் போட்ட பெட்டி வைக்க இடம். இவ்வளவுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

இனி காகிதம். 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஐந்து பேர் இருந்தாலே பொருந்தியது. அதற்குப் பதிலாக வந்த 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் வெளிமாநிலத் தொழிலாளர் பிரிவு பத்துப் பேரிலிருந்து பொருந்தும். மாதம் 18,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களை அது குறிக்கிறது. ஏஜென்ட் கூட்டி வந்தவர் மட்டுமல்லாமல் தானாக வந்து சேர்ந்தவரும் இப்போது கணக்கில் வருவார். ஊருக்குப் போய்வர ஆண்டுக்கு ஒருமுறை பயணப்படி உண்டு. ஆறு பேர் வைத்திருக்கும் உங்களை அந்தப் பிரிவு கட்டாயப்படுத்தாமல் போகலாம். பயணப்படியைக் கொடுங்கள் என்றுதான் சொல்வேன். தமிழ்நாடு தொழிலாளர் துறை இணையதளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் விவரம் பதிய ஒரு பக்கம் இருக்கிறது. ஆள் வந்த வாரமே பதிந்துவிடுங்கள்.

உங்கள் பட்டறையில் உள்ளூர் ஆட்களையும் சேர்த்துப் பத்துப் பேர் ஆகிவிட்டால் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. வரும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி 0.75. இருபது பேர் என்றால் பி.எஃப். இ.எஸ்.ஐ. இல்லாத நிலையில் வேலையில் அடிபட்டால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்தான். ஒரே ஒரு ஆள் இருந்தாலும் அப்படித்தான். அதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி ஒன்று எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கில் வருடம் 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டிலும் (2 லட்சம்) சேர்த்துவிடுங்கள். ஆனால் அது உங்கள் பொறுப்புக்கு ஈடாகாது. ரேஷனும் இருக்கிறது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் சேர்ந்ததிலிருந்து, ஊரில் உணவுப் பாதுகாப்புச் சட்டக் கார்டு உள்ளவர் இங்கே கைரேகை வைத்து தானியம் வாங்கலாம். ஊரில் குடும்பம் அதே கார்டில் வாங்கிக்கொண்டிருந்தால் யார் பங்கை யார் எடுப்பது என்று அவர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

அடையாளம் சரிபார்ப்பது உங்கள் கடமை. ஆதாரில் உள்ள க்யூ.ஆர். கோடை அதற்கான செயலியில் ஸ்கேன் செய்தால் போலி தெரிந்துவிடும். ஆதார் குடியுரிமைச் சான்று ஆகாது. வாக்காளர் அட்டை நகலும் கூடவே வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அதுவும் முடிவான சான்று இல்லை. வயது 18க்குக் கீழே என்று சந்தேகம் வந்தால் இந்த ரசாயன வேலைக்கு எடுக்கவே வேண்டாம். வங்காள மொழி பேசினாலே வங்கதேசத்தவர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மேற்கு வங்கத்தின் கோடிக்கணக்கான மக்கள் பேசுவதும் அதே மொழிதான். நேபாளக் குடிமக்கள் 1950 ஒப்பந்தப்படி விசா இல்லாமல் இங்கே வேலை செய்யலாம். மண்டபம் மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களில் நல்ல கைத்தொழில்காரர்கள் இருக்கிறார்கள்; அவர்களைக் கூப்பிடுமுன் முகாம் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மீன்பிடிக்கக் கடலுக்கு அனுப்பும் வேலை என் துறை இல்லை. மீன்வளத் துறையில் கேளுங்கள்.

உள்ளூர் ஆட்கள் மனசு கோணாமல் பார்ப்பதும் இதில் சேரும். ஒரே வேலைக்கு ஒரே சம்பளம். வடக்கத்தியான் குறைவாக வாங்குகிறான் என்று நம் பையன் கூலியைக் குறைத்தால் இரண்டு பேரும் உங்களை நம்ப மாட்டார்கள், அவர்களுக்குள்ளும் அடிதடி வரும். வந்த முதல் வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ ஊர்த் தலைவர், ஜமாத், பங்குத் தந்தை என்று உங்கள் ஊரில் யாரோ அவர்களிடம் கூட்டிப் போய், இவர்கள் என் பட்டறை ஆட்கள் என்று அறிமுகப்படுத்துங்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியபோது, பயந்து எத்தனையோ பேர் ரயில் ஏறினார்கள். அந்த வாரம் நான் போன இடங்களில், முதலாளியே உட்கார்ந்து பையன்களின் வீட்டோடு வீடியோ காலில் பேசிய இடத்தில் ஆட்கள் நின்றார்கள்.

போன நான்கு பேருக்கும் ஃபோன் போடுங்கள். திட்டாமல், கணக்குப் பார்த்து, முன்பணம் போகச் சம்பளம் பாக்கி இருந்தால் அவர்கள் கணக்கிலேயே அனுப்பிவிட்டு, ஜூலையில் வருகிறீர்களா என்று கேளுங்கள். எல்லாரும் வருவார்கள் என்று உறுதி தர முடியாது. ஒருவர் வந்தாலும் அவருக்கு உங்கள் வேலை தெரியும். புது ஆள் எடுக்குமுன் ராமநாதபுரத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். பட்டறையின் பதிவுச் சான்று, இப்போது இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல், சம்பள நோட்டு மூன்றையும் கையில் கொண்டு போனால் எந்தப் படிவம் உங்களுக்குப் பொருந்தும் என்று அங்கேயே சொல்லிவிடுவார்கள்.